ஷவருக்கும் ஜாதகம் பார்க்கணும்!

நான் படித்தது பி.காம். அதனால் எந்தப் பொருளை வாங்கினாலும் முதலில் விலையைப் பார்ப்பேன். அடுத்தது தள்ளுபடியைப் பார்ப்பேன். பொருளைப் பார்ப்பது கடைசியில்தான். இந்த நல்ல பழக்கம் என் வீட்டுச் சுவரில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி ஓட்டை போட்டுவிட்டது. எப்படி என்று சொல்கிறேன். உங்கள் வீட்டுச் சுவராவது பிழைக்கட்டும்!

விவகாரம் ஆரம்பித்தது கரென்ட் பில்லில்.

அப்பா போன பிறகு, அம்மா கும்பகோணத்தை விட்டு மடிப்பாக்கத்துக்கு எங்களோடு வந்துவிட்டாள். வீட்டில் ஒரு ஆள் கூடியிருக்கிறது. நடுவில் மார்கழியும் வந்து போயிருக்கிறது. ஆனால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரென்ட் பில் மட்டும் பத்து ரூபாய்கூட ஏறவில்லை. வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நான் பி.காம். ஆயிற்றே... கணக்கு உதைத்தது.

"அம்மா, நீ கீஸர் போடறதே இல்லையா?"

"பச்சைத் தண்ணிதான்டா உடம்புக்கு நல்லது. ஊர்ல ஆத்துல குளிச்ச உடம்பு இது."

நான் நம்பிவிட்டேன். எட்டு வயசு மகள்தான் போட்டு உடைத்தாள்: "இல்லப்பா... பாட்டியால அந்த உருண்டையைத் திருக முடியல. கை வலிக்குதாம். ஸ்கூல் இல்லாத நாள்ல நான்தான் திறந்து விடுவேன். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு பாட்டி சொல்லிச்சு."

அம்மாவுக்கு மூட்டுவாதம். விரல்கள் கொஞ்சம் கோணியிருக்கும். எங்கள் பாத்ரூமில் பக்கெட் ரொப்புகிற கீழ்க் குழாயில் வருவது பச்சைத் தண்ணீர் மட்டும். வெந்நீர் வேண்டுமானால் சுவரில் பதித்திருக்கும் ஷவர் செட்டில் உள்ள வழவழ உருண்டையைத் திருகணும். போர் தண்ணீரில் இருக்கும் உப்பு உள்ளே படிந்து, அது இறுகிப் போயிருந்தது. எனக்கே சோப்புக் கையோடு திருக வராது. ஒரு மார்கழி முழுக்க அம்மா ஜில் தண்ணீரில் குளித்திருக்கிறாள். அதில் மிச்சமான கரென்ட்டை நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

அன்று சாயங்காலமே கடைக்குப் போனேன். ஷோரூமில் ஏ.ஸி., கண்ணாடி, காபி! பளபளவென்று ஒரு ஸிங்கிள் லீவர் செட். ஒற்றை விரலால் தூக்கினால் தண்ணீர். இடது பக்கம் தள்ளினால் வெந்நீர், வலது பக்கம் தள்ளினால் பச்சைத் தண்ணீர். திருகுகிற வேலையே கிடையாது. எங்கள் வீட்டில் இருப்பது 2006-ல் பில்டர் மாட்டிக் கொடுத்த வேறு கம்பெனி. 'அதனால் என்ன, சோப்பு பிராண்ட் மாற்றுவதில்லையா?' என்று நினைத்துக்கொண்டேன். ஆயிரத்து நானூறு ரூபாய் தள்ளுபடி வேறு. அட்டைப் பெட்டியின் மூலையில், எறும்பு எழுதின மாதிரி 'எக்ஸ்போஸ்டு பார்ட் கிட்' என்று போட்டிருந்தது. ஏதோ உயர்ந்த ரகம் போலிருக்கிறது என்று வாங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் பிளம்பர் வந்தார். பெட்டியைப் பிரித்தார். உள்ளே கையை விட்டுத் துழாவினார்.

"உள்பாடி எங்க சார்?"

"அதான் சுவத்துக்குள்ள இருக்கே!"

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்க்கும் டாக்டர் மாதிரி என்னைப் பார்த்தார். "சார், அது பழைய கம்பெனி பாடி. இது புதுக் கம்பெனி மூடி. ரெண்டுக்கும் ஜாதகம் சேராது சார்!"

அன்றைக்கு அவர் எடுத்த பாடம்தான் இந்தக் கட்டுரையே.

பாத்ரூம் குழாய்களில் இரண்டு ஜாதி உண்டு. முதலாவது, வெளியே தெரிவது. ஷவர் தலை, அது தொங்கும் கை, ஹாண்ட் ஷவர் ஹோஸ் இதெல்லாம். இவை யாரோடு வேண்டுமானாலும் சேரும். காரணம், எல்லாமே 'அரை இஞ்ச்' மரை. ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தால் அதில் எங்கேயும் அரை இஞ்ச் இருக்காது! மரையின் வெளி விட்டம் கிட்டத்தட்ட 21 மில்லிமீட்டர். அரை இஞ்ச் என்பது அந்தக் காலத்து இரும்புக் குழாயின் உள் துவாரத்துக்கு வைத்த பெயர். குழாய் மாறியும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இஞ்சுக்கு 14 சுற்று. பிரிட்டிஷ்காரர்கள் வகுத்த பைப் மரை இது. 1841-ல் ஜோஸஃப் விட்வொர்த் என்ற இன்ஜினீயர், 'ஆளுக்கு ஒரு மரை போட்டால் உருப்படுமா? எல்லாருக்கும் ஒரே கணக்கு இருக்கட்டும்' என்று கிளம்பினாரே, அந்த வம்சம். எந்தக் கம்பெனி ஷவரை வாங்கினாலும், டெஃப்லான் டேப்பை நாலு சுற்று சுற்றி முறுக்கினால் உட்கார்ந்துகொள்கிறது என்றால், விட்வொர்த்துக்கு ஒரு கும்பிடு.

சுவருக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் வால் மிக்ஸரும் சாதுதான். வெந்நீர் வாய்க்கும் பச்சைத் தண்ணீர் வாய்க்கும் நடுவே பொதுவாக 150 மில்லிமீட்டர். கொத்தனார் கொஞ்சம் முன்னே பின்னே வைத்திருந்தாலும், கோணல் கால் இரண்டைப் போட்டுத் திருப்பிச் சரிக்கட்டிவிடலாம்.

இரண்டாவது ஜாதிதான் வில்லங்கம்... கன்ஸீல்டு! சுவருக்குள் பித்தளை உடம்பு புதைந்திருக்கும். டைல்ஸுக்கு வெளியே பிளேட்டும் கைப்பிடியும் மட்டும் சிரிக்கும். அந்த உடம்புக்குள் கார்ட்ரிட்ஜ் என்று ஒரு உருளை. அதனுள் பீங்கான் தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி, தண்ணீரைத் திறந்து மூடும். அந்த உருளையின் அளவு, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டின் நீளம், அதன் பல், ஸ்க்ரூ வருகிற இடம் — இது எதற்கும் பொதுக் கணக்கு கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரே கம்பெனியிலேயே பழைய மாடலுக்கும் புது மாடலுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போவதும் உண்டு. ஜெர்மனியின் ஹான்ஸ்குரோஹே கம்பெனி 'ஐபாக்ஸ் யுனிவர்சல்' என்றே ஓர் உள்பெட்டி விற்கிறது. அதைச் சுவரில் புதைத்துவிட்டால், மேலே விதவிதமான மாடல்களை மாட்டிக்கொள்ளலாம். ஆனால், யுனிவர்சல் என்பது அவர்கள் குடும்பத்துக்குள்தான். வேறு கம்பெனிக்காரர் வந்தால் இடமில்லை.

"இப்ப என்னதான் வழி?" என்றேன்.

பிளம்பர் மூன்று விரல் நீட்டினார்.

ஒன்று: பழைய கம்பெனியின் கார்ட்ரிட்ஜைத் தேடி மாற்றுவது. செலவு கம்மி. பழைய உருளையைக் கழற்றி சாம்பிளுக்குக் கையில் எடுத்துக்கொண்டு, பாரிமுனையில் கடை கடையாக ஏறினேன். மகனுக்கு வரன் தேடுகிறவர் போட்டோவோடு அலைவாரே, அப்படி! 'இந்த மாடல் நின்னு போச்சு சார்' என்பதுதான் எல்லாக் கடையிலும் பதில். கிடைத்திருந்தாலும் அந்தத் திருகு உருண்டைதான் மிஞ்சியிருக்கும்.

இரண்டு: டைல்ஸை உடைத்து உள்பாடியையே மாற்றுவது. அந்த நீல நிற டைல்ஸ் இப்போது எந்தக் கடையிலும் இல்லை. நாலு டைல்ஸ் உடைந்தால் நாலு சுவரும் மாற்றணும்.

மூன்று: "இந்தச் சுவத்துக்குப் பின்னாடி என்ன சார்?"

"அம்மா ரூம்."

"அங்க டைல்ஸ் இல்லையே! முதுகுப் பக்கமா ஆபரேஷன் பண்ணிடுவோம்."

மனுஷன் பிளம்பரா, ஸர்ஜனா! பாத்ரூம் டைல்ஸைத் தொடாமல், பின்பக்கத்து அறையின் பூச்சையும் செங்கல்லையும் உடைத்து உள்ளே போவது. சிமென்ட்டும் பெயின்ட்டும் எங்கேயும் கிடைக்கும். பழைய டைல்ஸ்தான் கிடைக்காது.

முதல் சிக்கல் தண்ணீரை நிறுத்துவது. எங்கள் பாத்ரூமுக்கென்று தனி வால்வ் கிடையாது. மொட்டை மாடியில் கேட் வால்வை மூடினால், ஒரு வரிசைக்கே தண்ணீர் நிற்கும். அசோசியேஷன் செக்ரட்டரி என்னவோ நான் காவிரியை மறித்துவிட்ட மாதிரி ஒரு நோட்டீஸ் ஒட்டி, இரண்டு மணி நேரம் அனுமதித்தார். முதல் வேலையாக எங்களுக்கென்று தனி வால்வ் போட்டுக்கொண்டோம்.

பிறகு உடைப்பு. பழைய பாடியை வெட்டி எடுத்து, புதுப் பாடியைப் பொருத்தும் நேரத்தில் நான் என் ஞானத்தைக் காட்டினேன். "வெந்நீர் இடது பக்கம் வரணும், ஞாபகம் இருக்கட்டும்!"

"சார்... நாம முதுகுப் பக்கம் நிக்கறோம். நமக்கு வலதுதான் அங்க இடது."

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

இன்னொரு நுணுக்கம், ஆழம். உள்பாடியின் பிளாஸ்டிக் மூடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. டைல்ஸின் முகம் அந்த இரண்டுக்கும் நடுவில் வரணும். பாடி ரொம்ப உள்ளே போனால் கைப்பிடி எட்டாது. ரொம்ப வெளியே வந்தால் பிளேட் சுவரோடு உட்காராது. டைல்ஸில் நடு ஓட்டையைக் கட்டர் வைத்துக் கொஞ்சம் பெரிசாக்கினார். பழைய உருண்டைகள் இருந்த பக்கத்து ஓட்டைகள் இரண்டுக்கும் ஸ்டீல் மூடி.

எல்லாம் ஒட்டி முடித்ததும் சுவரைப் பூசச் சொல்லிப் பறந்தேன். பிளம்பர் கேட்கவில்லை. பசை காயவிட்டு, பிறகு தண்ணீரைத் திறந்து, ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் கீழே பழைய நியூஸ் பேப்பரைச் செருகி வைத்துவிட்டுப் போய்விட்டார். "காலையில பேப்பர் நனையாம இருந்தா பூசலாம். பூசின அப்புறம் ஒழுகினா, யாரைக் கேக்கறது?" நான் ஒழுங்காகப் பேப்பர் பார்த்த காலை அது ஒன்றுதான். நனையவில்லை!

ஓட்டையை முழுக்க அடைக்கவும் இல்லை. சின்ன பிளைவுட் கதவு ஒன்று போட்டு, சுவர் நிறத்திலேயே பெயின்ட் அடித்துவிட்டோம். அடுத்த தடவை உடைக்க வேண்டாம், திறந்தால் போதும். அம்மா அதன் மேல் காலண்டர் மாட்டிக்கொண்டாள்.

இனி கணக்கு. தள்ளுபடியில் லாபம்: ரூ.1,400. செலவு: உள்பாடி 2,600, பைப், சாமான் 450, பிளம்பர் கூலி 2,400, கொத்தனார், பெயின்ட் 1,800, கதவு 700. ஆக மொத்தம் ரூ.7,950. என் பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்து மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை!

பிராண்ட் மாற்றப் போகும் அன்பர்களுக்கு அனுபவஸ்தன் சொல்வது:

கடைக்குப் போகும் முன் சுவரில் இருப்பதன் கம்பெனி, மாடல் பெயரைக் கண்டுபிடியுங்கள். தெரியவில்லையா? கைப்பிடியைக் கழற்றச் சொல்லி, உள்ளே தெரிவதை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் உள்பாடி இருக்கிறதா, வெளிப்பாகம் மட்டுமா? இதை வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதற்குக் காசில்லை.

பெட்டியில் எத்தனை 'பார்' பிரஷர் வேண்டும் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். தொட்டித் தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் சுமார் ஒரு பார் கிடைக்கும். கடைசி மாடிக்காரர்களுக்குத் தலைக்கு மேலேயே தொட்டி. அங்கே தாம்பாளம் சைஸ் ஷவரை மாட்டினால், மழை வராது... பன்னீர்தான் தெளிக்கும்!

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் பத்து டைல்ஸைப் பரணில் போட்டு வையுங்கள். சுவர் பூசும் முன் குழாய் போகும் வழியை போட்டோ எடுங்கள். பாத்ரூமுக்கு ஒரு தனி வால்வ் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டில் வயசானவர்கள் இருந்தால், அவர்கள் கையால் ஒருமுறை குழாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அவர்களாக வந்து சொல்ல மாட்டார்கள்.

போன வாரம் கரென்ட் பில் வந்தது. 340 ரூபாய் கூடுதல். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "வெந்நீர் போடறதாலயாடா?"

"சே... சே! மீட்டர்ல ஏதோ கோளாறும்மா" என்றேன்.

பி.காம். படித்ததற்கு, நான் எழுதிய முதல் பொய்க் கணக்கு அது!