உருக்கப்படும் கைத்துப்பாக்கிகளும் தொலையும் வரலாறும்

மணப்பாட்டில் உள்ள எங்கள் பூர்விக வீட்டைச் சென்ற ஆண்டு பழுதுபார்த்தபோது, மரப்பெட்டி ஒன்றின் அடியில் ஒரு பழைய துப்பாக்கி உரிமப் புத்தகம் கிடைத்தது. கொழும்பில் கடை வைத்திருந்த என் தாத்தாவின் பெயரில் இருந்தது அது. ‘வெப்லி அண்டு ஸ்காட், .32, தானியங்கி கைத்துப்பாக்கி’ என்ற வரியும் அதன் வரிசை எண்ணும் இன்னும் மங்கவில்லை. கைத்துப்பாக்கிதான் இல்லை. தாத்தா 1987இல் காலமானார். உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள விரும்பாத என் தந்தை, துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார்.

சிறுவனாக இருந்தபோது அதைப் பார்த்திருக்கிறேன். மணப்பாட்டின் உப்புக்காற்று எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே, மாதம் ஒருமுறை தாத்தா அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி, தையல் இயந்திர எண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைப்பார். அதை அவர் ஒருமுறையேனும் சுட்டதாக வீட்டில் எவருக்கும் நினைவில்லை.

அந்தத் துப்பாக்கி என்னவாயிற்று என்று அண்மையில் விசாரித்தேன். உரிமை கோரப்படாத மற்ற ஆயுதங்களோடு சேர்த்து அழிக்கப்பட்டிருக்கும் என்ற பதிலே கிடைத்தது. சட்டப்படி எவரும் தவறிழைக்கவில்லை. ஆனாலும், ஒரு பொருள் அழியும்போது அதைப் பற்றிய எழுத்துப் பதிவும் நிழற்படமும்கூட எஞ்சாமல் போவது சரிதானா என்ற கேள்வி என்னைத் தொடர்ந்து வருகிறது.

ஓர் இயந்திரத்தின் பிறப்பு

19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை கைத்துப்பாக்கி என்றாலே பெரும்பாலும் ரிவால்வர்தான். அதில் தோட்டாக்கள் ஓர் உருளையில் இருக்கும்; விசையை இழுக்கும் விரலின் வலிமையோ, சுத்தியலைப் பின்னிழுக்கும் கட்டைவிரலின் வலிமையோ உருளையைச் சுழற்றி அடுத்த தோட்டாவை முன்கொண்டுவரும். அரைத்தானியங்கி கைத்துப்பாக்கி அந்த வேலையை மனிதக் கையிடமிருந்து எடுத்து, வெடிப்பின் எதிர்விசையிடமே ஒப்படைத்தது. குண்டு முன்னோக்கிப் பாயும்போது, அதே அழுத்தம் மேலிருக்கும் கனமான எஃகு ‘ஸ்லைடை’ப் பின்னோக்கித் தள்ளுகிறது. காலியான தோட்டாக்கூடு வெளியே தெறிக்கிறது. சுருள்வில் ஸ்லைடை மீண்டும் முன்னே தள்ளும்போது, கைப்பிடிக்குள் அடுக்கப்பட்டிருக்கும் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறிவிடுகிறது. பேச்சுவழக்கில் ‘தானியங்கி’ என்கிறோம்; உண்மையில் ஒவ்வொரு குண்டுக்கும் ஒருமுறை விசையை இழுத்தாக வேண்டும்.

அமெரிக்கரான ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்து, பெல்ஜியத்தின் எர்ஸ்டால் நகரில் ஃபாப்ரிக் நாஸியோனால் நிறுவனம் தயாரித்த 1900ஆம் ஆண்டு மாதிரிதான், இத்தகைய ஸ்லைடு கொண்ட முதல் வெற்றிகரமான கைத்துப்பாக்கி. எடை 600 கிராமை ஒட்டியது. ஏழு தோட்டாக்கள் கொள்ளும். உருளை இல்லாததால் தட்டையானது; சட்டைப் பையில் துருத்தாமல் அடங்கும். பிரெஞ்சு மொழியில் ‘பிரவுனிங்’ என்பது கைத்துப்பாக்கிக்கான பொதுப்பெயராகவே மாறியது. அதற்காக உருவான 7.65 மி.மீ. தோட்டாதான் .32 என்ற பெயரில் என் தாத்தாவின் வெப்லிக்கும் பொருந்தியது. லண்டன் மாநகரக் காவல் துறை 1911இல் ஏற்றுக்கொண்ட கைத்துப்பாக்கியும் அதே வெப்லி வகைதான்.

மணியாச்சியில் வெடித்த பிரவுனிங்

பையில் மறைத்து எடுத்துச்செல்லக்கூடிய இந்த இயந்திரம், பேரரசுகளின் வரலாற்றில் அடுத்தடுத்து நுழைந்தது. 1904 ஜூன் 16 அன்று ஹெல்சிங்கியில் ரஷ்ய ஆளுநர் போப்ரிகோவும், 1909 அக்டோபர் 26 அன்று ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானிய அரசியல் தலைவர் இடோ ஹிரோபூமியும் பிரவுனிங்கின் 1900 மாதிரியால் சுடப்பட்டனர். 1909 டிசம்பர் 21 அன்று நாசிக் நாடகக் கொட்டகையில் ஆட்சியர் ஜாக்சனைக் கொன்றதும் பிரவுனிங்தான். லண்டனிலிருந்து சாவர்க்கர் அனுப்பிய 20 பிரவுனிங் கைத்துப்பாக்கிகளில் ஒன்று அது என்பதே அவர்மீதான வழக்கின் மையமாக இருந்தது.

அந்தச் சங்கிலியின் அடுத்த கண்ணி எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. 1911 ஜூன் 17 காலை, கொடைக்கானலுக்குப் புறப்பட்ட திருநெல்வேலி ஆட்சியர் ராபர்ட் வில்லியம் ஆஷ், மணியாச்சி சந்திப்பில் மனைவியுடன் ரயில் பெட்டியில் அமர்ந்திருந்தார். புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுடும் பயிற்சி பெற்றிருந்த வாஞ்சிநாதன் அவரைச் சுட்டுக்கொன்றார். சற்று நேரத்தில் தன்னையும் சுட்டுக்கொண்டார். இரண்டு மரணங்களுக்கும் கருவி, பெல்ஜியத்தில் தயாரான ஒரு பிரவுனிங். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் நிறுவனத்தை ஒடுக்கியவர் என ஆஷ் வெறுக்கப்பட்டார். வாஞ்சியின் பையிலிருந்த கடிதமோ சனாதனத்தின் பெயரால் பேசியது. அச்செயலை எப்படி மதிப்பிடுவது என்ற விவாதம் நூறாண்டு கடந்தும் ஓயவில்லை. ஓய வேண்டிய அவசியமும் இல்லை. நான் சொல்ல வருவது வேறு. தூத்துக்குடியில் ஆஷுக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. ரயில் நிலையம் வாஞ்சியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெல்ஜியத் தொழிற்சாலை ஒன்றின் கருவி எந்தெந்தக் கைகள் வழியாக இந்தக் கரிசல் நிலத்துக்கு வந்து சேர்ந்தது என்பதை விளக்கும் ஒரு காட்சிப் பேழையை இந்த மாவட்டத்தில் நான் கண்டதில்லை.

எஃகின் எடை

பழைய கைத்துப்பாக்கிகள்மீது ஆர்வம் கொண்டோர் உலகெங்கும் உண்டு. அவர்களை ஈர்ப்பது வன்முறை அல்ல, பெரும்பாலும் வேலைப்பாடு. அக்காலச் சட்டகம் முழுவதும் எஃகுக் கட்டியிலிருந்து கடைந்தெடுக்கப்பட்டது. இறுதி இழைப்பு கைவினைஞர்களின் அரத்தால் நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எடை குறைந்த அலுமினியக் கலவைச் சட்டகங்கள் வந்தன. 1980களில் ஆஸ்திரியாவின் குளோக், நெகிழிச் சட்டகத்தை உலகெங்கும் வழக்கமாக்கியது. இன்று காவலர் இடுப்பில் காணும் கைத்துப்பாக்கிகள் பலவும் அந்த வழிவந்தவை.

உலோகச் சட்டகத்துக்கு நடைமுறைப் பயன் ஒன்றும் உண்டு. எடை கூடக்கூட எதிர்விசையின் உதைப்பு குறைகிறது. குறியும் விரைவில் பழைய நிலைக்குத் திரும்புகிறது. துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றில், பயிற்றுநரின் கண்காணிப்பில் எஃகுச் சட்டக .22 கைத்துப்பாக்கியை முதன்முறை சுட்டபோது இதை உணர்ந்தேன். உதைப்பு தொல்லை தரவில்லை. என் மூச்சும் விரலின் பதற்றமும்தான் தொல்லை தந்தன. பத்துக் குண்டுகளில் மூன்று மட்டுமே கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன. 25 மீட்டர் அதிவேகச் சுடுதல் போட்டியில் ஐந்து இலக்குகளை முதலில் எட்டு நொடிகளிலும், பிறகு ஆறு நொடிகளிலும், இறுதியாக நான்கே நொடிகளிலும் சுட வேண்டும். கைத்துப்பாக்கியின் எடை 1,400 கிராமைத் தாண்டக் கூடாது. அந்தப் போட்டியில்தான் விஜய் குமார் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார். அவர் செய்தது எத்தகைய தவம் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

சட்டம் வரைந்த வட்டம்

இந்தியாவில் இந்த ஆர்வத்துக்கு இடம் குறுகலானது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஐரோப்பியர்களுக்கு விலக்களித்து, இந்தியர்களை உரிமம் கேட்டு நிற்க வைத்தது. விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இனப் பாகுபாட்டை நீக்கியது, கட்டுப்பாட்டைத் தொடர்ந்தது. 9 மி.மீ. போன்ற ராணுவ அளவுகள் தனியாருக்குத் தடை செய்யப்பட்டவை. ஆகவே, தனியாரிடம் உள்ளவை பெரும்பாலும் .32 வகைகளே. 2019 திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பரம்பரையாக வரும் துப்பாக்கிக்கும் இதே உச்சவரம்புதான். கூடுதலாக இருந்ததை ஒப்படைக்கக் கெடு விதிக்கப்பட்டது.

இந்தக் கட்டுப்பாடுகளை நான் எதிர்க்கவில்லை. சாதி மோதல்களின் வடுக்கள் ஆறாத தென்மாவட்டங்களில் வாழும் எவரும், வீடுதோறும் துப்பாக்கி இருப்பதை விரும்ப மாட்டார்கள். தேர்தல் அறிவிக்கப்பட்டதும் தாத்தா துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார்; அதை அவர் ஒருபோதும் அவமதிப்பாகக் கருதியதில்லை. ஆனால், சட்டம் ஆயுதத்தை ஆபத்தாக மட்டுமே பார்க்கும்போது, அது ஓர் ஆவணமாகவும் இருக்கக்கூடும் என்பது மறந்துபோகிறது. வாரிசுக்கு விருப்பம் இல்லையென்றால், கைத்துப்பாக்கியின் பயணம் பெரும்பாலும் உலையில்தான் முடிகிறது.

வியன்னா காட்டும் வழி

கடுமையான சட்டமும் வரலாற்று உணர்வும் ஒன்றுக்கொன்று பகையல்ல. 1996இல் டன்பிளேன் பள்ளிப் படுகொலைக்குப் பின் பிரிட்டன் கைத்துப்பாக்கிகளை ஏறக்குறைய முற்றிலுமாகத் தடை செய்தது. அந்த 1997ஆம் ஆண்டுச் சட்டமே, வரலாற்று மதிப்புள்ள கைத்துப்பாக்கிகளுக்குக் குறுகிய வாயில் ஒன்றைத் திறந்து வைத்தது. அரிய வகைகளை அரசு அங்கீகரித்த இடங்களில் மட்டும் வைத்து, அங்கேயே சுட்டுப் பார்க்கலாம். மேலும், துப்பாக்கியை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்து, சான்றிதழுடன் வைத்துக்கொள்ளும் முறையும் அங்கு உண்டு.

இன்னோர் எடுத்துக்காட்டு எங்கள் ஊருக்கு நெருக்கமானது. 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டைச் சுட காவ்ரிலோ பிரின்சிப் பயன்படுத்தியது, பிரவுனிங்கின் 1910 மாதிரி; முதல் உலகப் போருக்குத் தீ வைத்த துப்பாக்கி. இறந்த இளவரசருக்கு இறுதிச் சடங்கு நிறைவேற்றிய ஜேசு சபைக் குரு அன்டோன் புன்டிகாமிடம் அது சேர்ந்தது. பல பத்தாண்டுகள் ஆஸ்திரியாவின் ஜேசு சபை இல்லத்தில் இருந்த அதை, 2004இல் சபையினர் வியன்னா ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வழங்கினர். குண்டு துளைத்த சீருடையும் அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பார்ப்பவர்கள் துப்பாக்கியை வணங்குவதில்லை. அது செய்த அழிவின் முன் மௌனமாக நிற்கிறார்கள். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிச் செபித்த குகையை இன்றும் போற்றும் மணப்பாட்டுக்காரனுக்கு, அதே சபையின் இல்லம் ஒரு கொலைக்கருவியை வரலாற்றுக்காகக் காத்தது என்பது சிந்திக்க வைக்கும் செய்தி.

நாம் செய்ய வேண்டியது பெரிதல்ல. ஒப்படைக்கப்படும் பழைய துப்பாக்கி ஒவ்வொன்றும் அழிக்கப்படும் முன், அதன் தயாரிப்பாளர், மாதிரி, வரிசை எண், வந்த வழி ஆகியவற்றை நிழற்படத்துடன் பதிவுசெய்யலாம். அருங்காட்சியகத் துறையின் வல்லுநர் ஒருவர் அந்தப் பட்டியலைப் பார்வையிட ஏற்பாடு செய்யலாம். வரலாற்று மதிப்புள்ளவற்றைச் செயலிழக்கச் செய்து, மாவட்ட அருங்காட்சியகங்களில் வைக்கலாம். சுட முடியாத துப்பாக்கியால் எவருக்கும் தீங்கில்லை; அது எப்படி இயங்கியது, யாரிடம் இருந்தது, யாரைக் கொன்றது என்று அறிவதால் பயன் உண்டு.

தாத்தாவின் வெப்லி எந்த வரலாற்றையும் மாற்றவில்லை. கடல் கடந்து வணிகம் செய்த ஒரு தலைமுறையின் அச்சத்துக்கும் கௌரவத்துக்கும் அது சாட்சி, அவ்வளவே. அந்த உரிமப் புத்தகத்தை இப்போது நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதிலிருக்கும் வரிசை எண்ணுக்கு உரிய பொருள் இனிக் கிடைக்கப்போவதில்லை. இன்னும் எத்தனையோ வீடுகளின் அலமாரிகளில் அத்தகைய பொருள்கள் எண்ணெய்த் துணிக்குள் உறங்குகின்றன. அவை உலைக்குப் போகும் முன் ஒரு பதிவேட்டிலாவது இடம்பெற வேண்டும்.