வாரியம் என்றால் யார்?

வீட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்றால் டெபாசிட் கட்ட வேண்டும். முன்பெல்லாம் அந்தப் பணம் மின்சார வாரியத்துக்குப் போயிற்று.

வாரியம் என்றால் யார்? கட்டிடமா? அதிகாரியா? இரண்டும் இல்லை! சட்டத்தின் கண்ணில் அது ஓர் ஆள்!

1948-ம் ஆண்டு மின்சார வழங்கல் சட்டம் அப்படித்தான் சொன்னது. வாரியத்துக்கு ஒரு பெயர், ஒரு முத்திரை உண்டு. அது சொத்து வாங்கலாம். வழக்குப் போடலாம். அதன்மீதும் வழக்குப் போடலாம். தலைவர் மாறினாலும் வாரியம் இருக்கும்.

1957-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி சென்னை மாநில மின்சார வாரியம் பிறந்தது. மாநிலத்தின் பெயர் மாறியதும், அது தமிழ்நாடு மின்சார வாரியம் ஆயிற்று.

பிறகு 2003-ல் புதுச் சட்டம் வந்தது. வாரியங்களைப் பிரிக்க அது வழி செய்தது. 2010-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி தமிழ்நாட்டு வாரியமும் பிரிந்தது. மின்சாரத்தைத் தொலைதூரம் கொண்டுசெல்ல ஒரு கம்பெனி. உற்பத்திக்கும் வினியோகத்துக்கும் ஒரு கம்பெனி. இரண்டுக்கும் மேலே ஒரு தாய்க் கம்பெனி. 2024-ல் உற்பத்தி வேறு, வினியோகம் வேறு என்று மறுபடியும் பிரிந்தது.

அப்படியானால் பழைய டெபாசிட் போய்விட்டதா?

போகவில்லை! 2003-ம் ஆண்டுச் சட்டத்தின் 131-வது பிரிவு இதைப் பார்த்துக்கொள்கிறது. வாரியத்தின் சொத்தும் கடனும் முதலில் அரசாங்கத்துக்கு வரும். அங்கிருந்து கம்பெனிக்குப் போகும். டெபாசிட்டும் ஒரு கடன்தானே!

இதனால்தான் ஒப்பந்தம் எழுதுகிறவர்கள், "வாரியம் என்ற சொல் அதன் வாரிசையும் குறிக்கும்" என்று ஒரு வரி சேர்ப்பது வழக்கம்.

அப்பன் சொத்து வேண்டும் என்கிற மகன், அப்பன் கடனையும் ஏற்கத்தான் வேண்டும். பெயர்ப் பலகை மாறலாம். பட்ட கடன் மாறாது!