வயர் ரோலும் ஆய்வுகூடத்துத் தம்பியும்

இறக்குமதி செய்யும் எமது வியாபாரிகளிடம் ஆய்வுகூடம் என்ற சொல்லை எடுத்தாலே முகம் சுழிப்பார்கள். சரக்கு துறைமுகத்தில் கிடக்கிறது, நாளுக்கு நாள் டெமரேஜ் ஏறுகிறது, அங்கே யாரோ ஒருவர் ஏசி அறைக்குள் இருந்துகொண்டு றிப்போட்டை இழுத்தடிக்கிறார் என்பதே பலரது எண்ணம். அந்த யாரோ ஒருவர் என்னதான் செய்கிறார் என்று நாம் விசாரிப்பதில்லை. எனது நண்பர் ஒருவரின் மகன் கொழும்பில் பரிசோதனை ஆய்வுகூடம் ஒன்றில் இலத்திரனியல் தொழில்நுட்பவியலாளராகப் பணியாற்றுகிறார். அவரிடம் கேட்டறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

நமக்குத் தெரிந்த சாமானையே எடுத்துக்கொள்வோம். வீட்டு வயரிங்குக்கு நாம் விற்கும் 1/1.13 வயர். ஒரே கம்பி, விட்டம் 1.13 மில்லிமீற்றர் என்பதே அந்த இலக்கத்தின் பொருள். பிளக் பொயின்ற்றுக்குப் போகும் 7/0.67 என்றால் 0.67 மில்லிமீற்றர் கம்பிகள் ஏழு. கடையில் நாம் என்ன செய்கிறோம்? ரோலைத் தூக்கிப் பாரம் பார்க்கிறோம். காந்தத்தை வைத்துப் பார்க்கிறோம். காந்தம் பிடித்தால் உள்ளே இரும்பு. ஆனால் செம்பு பூசிய அலுமினியத்தைக் காந்தம் பிடிக்காது. சுத்தமான செம்பாகவே இருந்தும் கம்பியை மெல்லியதாக இழுத்திருந்தால் அதையும் காந்தம் சொல்லாது. 1.13 இருக்க வேண்டிய இடத்தில் 1.00 இருந்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. உள்ளே இருக்கும் செம்பிலோ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். வாங்கியவரின் வீட்டில் சுவருக்குள் இருந்து சூடேறப் போவது அந்தக் கம்பிதான்.

இதை அந்தத் தம்பி தடையை அளந்து பிடிக்கிறார். 1/1.13 வயரின் தடை 20 பாகை வெப்பநிலையில் ஒரு கிலோமீற்றருக்கு 18.1 ஓமுக்கு மேற்படக் கூடாது. அப்படியானால் ஒரு மீற்றருக்கு 18 மில்லி ஓம் அளவில்தான் வரும். நமது கடையில் உள்ள மல்டிமீற்றரால் இதை அளக்க முடியாது. அதன் சிவப்பு, கறுப்பு வயர்களுக்கே இதைவிடப் பல மடங்கு தடை உண்டு. ஆகவே அவர்கள் நான்கு முனைகளைப் பொருத்துகிறார்கள். இரண்டின் வழியாக மின்னோட்டத்தை அனுப்பி, மற்ற இரண்டினால் மின்னழுத்தத்தை மட்டும் அளக்கிறார்கள். அப்போது மீற்றரின் வயர் கணக்கில் சேராது.

நாம் குறை சொல்லும் அந்த ஏசியும் மனிதருக்காக அல்ல. செம்பின் தடை பத்துப் பாகை சூட்டுக்குச் சுமார் 4 சதவீதம் கூடும். கொழும்பு வெக்கையில் அளந்தால் நல்ல வயரும் தவறிவிடும். அதனால் அறையின் வெப்பநிலையை எழுதி வைத்து, 20 பாகைக்குக் கணக்கிட்டே முடிவு சொல்கிறார்கள். அதன் பிறகு உறையின் முறை. வயரைத் தண்ணீரில் ஊறவைத்து 2,500 வோல்ட்டை ஐந்து நிமிடம் கொடுத்துப் பார்க்கிறார்கள். எங்காவது ஊசித்துளை இருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

சாமானைச் சோதிப்பதுதான் இவருடைய முழு வேலை என்று நினைத்திருந்தேன். தன் நேரத்தில் பெரும் பகுதி கருவிகளோடுதான் போகிறது என்றார். பழுதானதைத் திருத்துவது, சரியாகக் காட்டுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது, அதைப் பதிந்து வைப்பது. எமது தராசுகளுக்கு முத்திரை குத்தும் திணைக்களம் இருக்கிறதல்லவா? நாட்டின் அளவீட்டு நியமங்களைக் காப்பதும் அதே திணைக்களம்தான். நமது தராசைப் போலவே அவருடைய மீற்றரும் சோதனைக்குத் தப்ப முடியாது. ஆய்வுகூடங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் சபையொன்றும் 2005ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் இங்கு அமைக்கப்பட்டது. ஐ.எஸ்.ஓ. 17025 என்ற நியமத்தின்படி கருவியை மட்டுமல்ல, அளப்பவரின் திறமையையும் பார்ப்பார்கள்.

சில காலத்துக்கு முன் எனக்குத் தெரிந்த வியாபாரி ஒருவரின் வயர் சரக்கு தவறிவிட்டது. தொழிற்சாலை முதலில் அனுப்பிய மாதிரி நல்லது. கொள்கலனில் வந்தது வேறு. இந்த விளையாட்டு நமக்குப் புதிதல்ல. பாவம், அவர் போட்டது பெரிய தொகை. "நம்மட பொடியன் ஒருத்தன் அங்க இருக்கான்தானே, ஒரு வார்த்த சொல்லுங்க" என்று என்னிடம் வந்தார். சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இப்படியும் கேட்கிறார்கள் என்று பின்னொரு நாள் அந்தத் தம்பியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன்.

"மாமா, எங்கட மேசைக்குச் சாம்பிள் வாரது நம்பரோட மட்டும்தான். யாருட சாமான் என்டு எனக்கே தெரியாது. நான் அளந்தத பேனையால எழுதினா அழிக்கேலாது, வெட்டினா பக்கத்தில கையெழுத்து வெக்கணும்" என்றார். சிறிது நேரம் கழித்து, "தெரிஞ்சாலும் செய்ய மாட்டேன்" என்றும் சொன்னார்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலொன்றினுள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஜும்ஆ பயான்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். வயரின் ஈரத்தை விரலால் அறிய முடியாது. அதற்கு மில்லி ஓம் மீற்றர் தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

இந்தத் தம்பி உயர்தரத்தில் கணிதம் படித்தவர். பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. கடையில் நிற்கவோ கட்டாருக்குப் போகவோ சொன்னார்கள். அவர் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். 1893இல் தொடங்கிய மருதானைக் கல்லூரி நமது கடைகளிலிருந்து நடை தூரம்தான். என்.வி.கியூ. ஏழு மட்டங்களில் ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழு பட்டத்துக்குச் சமம். சம்பளம் கடை இலாபத்தோடு ஒப்பிடும்படி இல்லை என்பது உண்மை. ஆனால் அளக்கத் தெரிந்த ஒருவர் நமது கொள்வனவு மேசையில் இருந்தால், ஓடர் கொடுக்கும் முன்பே ஒரு ரோலை வரவழைத்து அளந்துவிடலாம். அந்த வியாபாரி இப்போது அப்படித்தான் செய்கிறார். அதற்கான கட்டணத்தையும் கட்டுகிறார், முணுமுணுத்துக்கொண்டு.

தம்பிக்குக் கலியாணம் பேசுகிறார்கள். பெண் வீட்டார் விசாரிக்க என்னிடம் வந்தார்கள். வேலையை விளக்கினேன், கவனமாகக் கேட்டார்கள். எல்லாம் கேட்டு முடித்த பிறகு பெண்ணின் வாப்பா, "அப்ப சொந்தமா கடை ஒண்டும் இல்லையா?" என்றார். சம்பந்தம் இன்னும் பேச்சில்தான் இருக்கிறது.