விரல் போன பின் பாதம்

நீரிழிவு நோயால் காலின் நரம்புகள் மரத்துப்போனவர்களுக்குப் புண் புரையோடி ஒரு விரலை எடுத்துவிட நேர்வதுண்டு. தையல் பிரித்து வீடு திரும்பியதும், தொல்லை அத்துடன் ஒழிந்தது என்று குடும்பத்தார் ஆறுதலடைகின்றனர். வைத்தியர்களின் அனுபவமோ வேறு. அதே பாதத்தில் மீண்டும் ரணம் தோன்றி, மறுபடியும் அறுவைக்கு ஆளாவோர் பலர். இதன் காரணத்தை நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியமெனக் கருதுகிறோம்.

குதிகாலைத் தூக்கி முன்னே அடியெடுத்து வைக்கையில், உடற்பாரத்தின் பெரும்பங்கைப் பெருவிரலும் அதன் அடிமூட்டும் தாங்குகின்றன. பெருவிரல் போய்விட்டால் அப்பாரம் அடுத்த விரல்களின் அடியிலுள்ள எலும்பு முனைகள்மீது விழுகிறது. மிஞ்சிய விரல்கள் நாளடைவில் பருந்தின் நகம்போல் மடங்கி, நுனி தரையிலும் கணு செருப்பு வாரிலும் உரசுகின்றன. இரண்டாம் விரலை எடுத்தாலோ, பெருவிரல் அவ்விடைவெளியை நோக்கிச் சாய்கிறது. அழுத்தம் விழும் இடத்தில் முதலில் காய்ப்பு ஏறும். அதனடியில் இரத்தம் கட்டும். பின்னர் உடைந்து புண்ணாகும். கிருமி எலும்பை எட்டிவிட்டால் மீண்டும் கத்திதான். உணர்வுள்ள காலுடையவன் வலித்ததும் நொண்டுகிறான்; அந்த நொண்டலே அவனுக்குக் காவல். மரத்த காலுக்கு அக்காவல் கிடையாது.

1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு இதனைத் தொழுநோயாளரிடம் கண்டார். விரல்களை நோய் தின்றுவிடுவதில்லை, வலியறியாத உறுப்பு ஓய்வின்றி அடிபடுவதே அவற்றை அழிக்கிறது என்று எடுத்துக்காட்டினார். நுண்ணிய காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர் செருப்பு, அதாவது எம்.சி.ஆர். செருப்பு, அந்நோயாளருக்கென வழக்கில் வந்து, இன்று நீரிழிவுக்காரருக்கும் பயன்படுகிறது.

குழித்தறியில் அமர்வோர் வெறுங்காலால்தான் மிதிக்கின்றனர். மிதியின் விளிம்பு நாள் முழுவதும் ஒரே இடத்தில் பட்டாலும் மரத்த கால் முறையிடாது. ஆகவே விரல் இழந்தவர் தறியிலிருந்து எழும்போதெல்லாம் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்வது நலம். வயலில் சேறும் முள்ளும் இருக்கவே இருக்கின்றன. கண் மங்கியவர்களுக்கு வீட்டார் பார்த்துச் சொல்லலாம், அல்லது ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துக்கொள்ளலாம். இழந்த விரலின் பக்கத்தை மட்டுமன்றி, கூடுதல் பாரம் ஏற்கும் மறுகாலையும் பார்க்கவேண்டும். காய்ப்பை வீட்டில் பிளேடால் சீவுவதும், கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரி ஒட்டுவதும் எத்தனை பேரைக் கெடுத்திருக்கின்றன!

ஓரிடம் சிவந்தோ, மறுகாலைவிடச் சூடாகவோ தெரிந்தால், தோல் உடையவில்லையென்று காத்திராது, அக்காலை ஊன்றி நடப்பதை நிறுத்தி, அன்றே ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும். பாவு பாதியில் நிற்கிறதே என்ற கவலை நாம் அறியாததன்று. அதை முடித்துக்கொடுக்கப் பக்கத்துத் தறிக்காரர் இருக்கிறார்.