உடற்பயிற்சிக் கூடத்தில் முறையும் முறைப்பாடும்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என அம்பாறைக் கரையோரத்தில் அடுத்தடுத்து அமைந்துள்ள நகரங்களில், கடைத்தொகுதியின் மேல்மாடியிலோ வீட்டு வளவின் ஓரத்திலோ நடத்தப்படும் சிறு உடற்பயிற்சிக் கூடங்கள் பல, ஒரேயொரு ஸ்குவாட் ரெக்கையும் (பாரத்தைத் தோள் உயரத்தில் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டகம்) ஓரிரு பெஞ்சுகளையும் வைத்துக்கொண்டே இயங்குகின்றன. உறுப்பினர்களோ அஸர் தொழுகைக்குப் பின்னரும் இஷாவுக்குப் பின்னரும், ரமழானில் தராவீஹ் முடிந்த கையோடும் ஒரே நேரத்தில் திரண்டு வருகின்றனர். இந்த நெருக்கடியில் எழும் பிணக்குகள் கெட்டுப்போகும் விதம் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கிறது: கருவியைப் பிடித்தவர் விடுவதில்லை, காத்திருப்பவர் வாய்திறந்து கேட்பதில்லை, கூடத்தின் உரிமையாளர் கல்லாவை விட்டு எழுவதில்லை, கைகலப்போ காயமோ நேர்ந்த பின்னர் பார்த்தால் எவரிடமும் பற்றுச்சீட்டும் இல்லை, முறைப்பாட்டுப் பிரதியும் இல்லை.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, ஒரு ரெக்கை மூவர் பகிர்ந்தால் மூவருக்கும் நேரம் வீணாகும் என்ற எண்ணம் தவறானது என்பதே. ஒரு செட், அதாவது இடைவிடாது பாரத்தைத் தூக்கி இறக்கும் ஒரு சுற்று, ஏறக்குறைய 40 வினாடிகளில் முடிந்துவிடும். கனமான பாரம் தூக்குபவருக்கு அதன்பின் இரண்டு முதல் மூன்று நிமிட ஓய்வு தேவைப்படும். ஐந்து செட் செய்யும் ஒருவர் செட்டுகளுக்கிடையே மூன்று நிமிடம் ஓய்வெடுத்தால் அவருக்கு 15 நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலாகச் செல்லும். ஆனால் அந்த நேரத்தில் 12 நிமிடங்கள் ரெக் வெறுமனே நிற்கிறது. இவ்வாறு மூவர் ஒருவர்பின் ஒருவராகச் செய்தால் 46 நிமிடங்கள் ஆகும். அதே மூவரும் ஒருவர் ஓய்வெடுக்கையில் மற்றவர் தூக்குவது என்று மாறிமாறிச் செய்து, ஒவ்வொரு மாற்றத்திலும் தட்டுகளைக் கூட்டவும் குறைக்கவும் 20 வினாடிகளைச் செலவிட்டாலும், ஒரு சுற்று மூன்று நிமிடங்களில் நிறைவடைகிறது; ஐந்து சுற்றுகளும் 15 நிமிடங்களில் முடிந்து, ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடங்களுக்கு மேற்பட்ட ஓய்வும் கிடைத்துவிடுகிறது. அரை மணித்தியாலத்தைக் காப்பாற்றித் தரும் இந்த எளிய கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டாத உரிமையாளர், புதிய கருவி வாங்கப் பணமில்லை என்று முறையிடுவதில் நியாயம் குறைவு.

பகிர்வதற்குக் கேட்கும் முறையும் கடினமானதன்று. "காக்கா, இன்னும் எத்தின செட் இரிக்கி? நடுவால நானும் அடிக்கட்டா?" என்ற ஒரு வினாவே போதும். அதற்கு மறுப்புச் சொல்ல எவருக்கும் நியாயமான காரணம் அரிதாகவே இருக்கும். இருவர் தூக்கும் பாரங்களுக்கிடையே மிகப் பெரிய வேறுபாடு இருந்து ஒவ்வொரு முறையும் ஆறேழு தட்டுகளை மாற்ற வேண்டியிருந்தால் மட்டுமே, எஞ்சிய செட்டுகளின் எண்ணிக்கையைச் சொல்லி முடியும்வரை பொறுக்குமாறு கேட்கலாம். அவ்வாறு சொன்ன எண்ணிக்கையைப் பின்னர் கூட்டக் கூடாது. ரெக்கின் முன் நின்று கைத்தொலைபேசி பார்ப்பதும், ஒரே நேரத்தில் ரெக்கையும் பெஞ்சையும் டம்பல் சோடியையும் பிடித்துவைத்துச் சுற்றுப்பயிற்சி செய்வதும் கூட்ட நேரத்தில் பிறர் உரிமையைப் பறிப்பதாகும்.

தொழுகை நேரம் பற்றித் தனியே சொல்ல வேண்டியுள்ளது. மஃரிப் பாங்கு சொன்னதும் பெஞ்சின் மீது துவாயை விரித்துவிட்டுப் பள்ளிவாசலுக்குச் சென்று, திரும்பி வந்து அதே இடத்தை உரிமை கோருவது இந்நகரங்களில் காணப்படும் பழக்கமாகும். எழுந்து சென்று திரும்புபவருக்கே அவரது இருக்கையில் கூடிய உரிமை உண்டு என்ற மார்க்க ஒழுங்கைச் சிலர் இதற்கு ஆதாரமாகக் கூறுவதுண்டு. சபையில் அமரும் இருக்கைக்குரிய அந்த ஒழுங்கை, பலர் பணம் கட்டிப் பயன்படுத்தும் கருவிக்கு நீட்டுவது பொருத்தமன்று. முன்னே தொழுதுவிட்டு வந்தவரும், வேலை முடிந்து அப்போதுதான் வந்தவரும் அதே மாதக் கட்டணத்தையே செலுத்தியுள்ளனர். தொழுகைக்குச் செல்பவர் தட்டுகளைக் கழற்றி, பெஞ்சைத் துடைத்து, இடத்தை விட்டுச் செல்வதே பிறரது ஹக்கைப் பேணும் வழியாகும். பெண்களுக்கென நேரம் ஒதுக்கியுள்ள கூடங்களில், அந்த நேரம் தொடங்கிய பின்னரும் "கடைசி செட்" என்று தங்கி நிற்கும் ஆண்களுக்கும் இது பொருந்தும். அங்கே உரிமையாளர் வாசலில் நின்று நேரத்தை நடைமுறைப்படுத்த வேண்டும், பெண்களை வெளியே காக்கவைக்கக் கூடாது.

தட்டுகளை இறக்காமல் விட்டுச் செல்வது வெறும் சோம்பலாகத் தோன்றினாலும் ஆபத்து அங்கிருந்தே தொடங்குகிறது. ஆண்களுக்கான ஒலிம்பிக் பார் 2.2 மீற்றர் நீளமும் 20 கிலோ எடையும் கொண்டது. தட்டுகள் கோர்க்கப்படும் அதன் முனைகள் தாங்கிகளுக்கு வெளியே நீண்டு நிற்கின்றன. பெஞ்சின் தாங்கிகள் நெருக்கமாக அமைந்திருந்தால், ஒரு பக்கத்துத் தட்டுகள் அனைத்தையும் உருவிவிட்டு மறுபக்கத்தில் கனத்த தட்டுகளை விட்டுவைக்கும்போது பார் துலாக்கோலைப் போலச் சாய்ந்து, அருகில் நிற்பவரின் முகத்தையோ காலையோ தாக்கும். முன்னவர் ஏற்றி விட்டுச்சென்ற பாரத்தைப் புதிதாகச் சேர்ந்த பதினைந்து வயதுச் சிறுவன் தனியே இறக்க முற்படும்போதே இவ்விபத்து நேரக்கூடிய வாய்ப்பு அதிகம். பக்கத்துக்கு ஒன்றாக மாறிமாறியே தட்டுகளைக் கழற்ற வேண்டும். மீண்டும் சொல்லப்படுகிறது: ஒரு பக்கத்தை முழுவதும் கழற்றிவிட்டு மறுபக்கம் செல்லவே கூடாது.

வியர்வை பட்ட பெஞ்சைத் துடைக்காமல் விடுவதனால் படர்தாமரை போன்ற பூஞ்சைத் தோல் நோய்கள் பரவக்கூடும். ஆளுக்கொரு துவாயும், கூடத்தில் ஒரு தொற்றுநீக்கித் திரவப் போத்தலும் துணியும் இருந்தால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

உறுப்பினரின் ஒழுங்கைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், பொறுப்பின் பெரும்பங்கு பணம் வாங்குபவருக்கே உரியது. கடற்கரையை அண்டிய காற்றில் உப்பு கலந்திருப்பதால் பாரின் முனைகளும் இழுவை இயந்திரங்களின் கம்பி வடங்களும் உள்நாட்டைவிட விரைவாகத் துருப்பிடிக்கின்றன. கம்பி வடம் பொருத்தியில் நுழையும் இடத்தில் ஓரிரு இழைகள் அறுந்து முள்ளாக நீட்டியிருப்பது கண்ணுக்குத் தெரிந்தால், அந்த இயந்திரம் அன்றே நிறுத்தப்பட வேண்டும். ஒட்டுநாடா சுற்றி ஓட்டுவது குற்றத்துக்கு நிகரான அலட்சியமாகும். "இங்கு ஏற்படும் காயங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையைத் தொங்கவிட்டால் கடமை தீர்ந்தது என்று நம்பும் உரிமையாளரும், அப்பலகையைப் படித்துவிட்டுத் தமக்கு எந்த உரிமையும் இல்லை என்று ஒதுங்கிவிடும் உறுப்பினரும் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றிய சட்டத்தை அறியாதவர்கள். வியாபாரம் நடத்துபவர் தமது கவனயீனத்தால் பிறருக்கு ஏற்படும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உரிய பொறுப்பை ஓர் அறிவித்தலாலோ ஒப்பந்த வாசகத்தாலோ கழற்றிவிட அச்சட்டம் இடமளிப்பதில்லை. பலகை எத்தனை பெரிதாக இருந்தாலும் துருப்பிடித்த வடத்துக்கு அது பதிலாகாது.

காயமில்லாத குறைகளுக்கு, அதாவது விளம்பரத்தில் காட்டிய கருவிகள் இல்லாமை, பழுதான கருவிகள் மாதக்கணக்கில் திருத்தப்படாமை, முற்பணமாகப் பெற்ற கட்டணம் திருப்பித் தரப்படாமை போன்றவற்றுக்கு, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையே செல்ல வேண்டிய இடமாகும். சேவை வழங்குபவர் உரிய திறனோடும் கவனத்தோடும் அதை வழங்க வேண்டும் என்பது அச்சட்டத்தின்படி ஒப்பந்தத்தில் எழுதப்படாமலே அடங்கியுள்ள உத்தரவாதமாகும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழிகாட்டல் பெறலாம்; ஆயினும் தொலைபேசியில் பேசியதையே முறைப்பாடாகக் கருதிக் காத்திருப்பது பலர் செய்யும் தவறாகும். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அதிகார சபையைச் சென்றடைய வேண்டும். மூன்று மாதங்கள் என்பதை அடிக்கோடிட்டு மனத்தில் வைப்பது நல்லது, ஏனெனில் "அடுத்த மாதம் திருத்தித் தருவோம்" என்ற வாக்குறுதிகளைக் கேட்டுக்கேட்டே அந்தக் காலம் கரைந்துபோகிறது.

அக்கடிதத்தில் முறைப்பாட்டாளரின் பெயர், முகவரி, தேசிய அடையாள அட்டை இலக்கம், கூடத்தின் பெயரும் முகவரியும், பணம் செலுத்திய திகதிகளும் தொகைகளும், குறை என்ன, கேட்கும் நிவாரணம் என்ன என்பன தெளிவாக இருத்தல் வேண்டும். பற்றுச்சீட்டின் பிரதியும் கருவியின் ஒளிப்படமும் இணைக்கப்பட வேண்டும், மூலப் பிரதிகளை ஒருபோதும் கொடுத்துவிடக் கூடாது. பதிவுத் தபாலில் அனுப்பினால் தபால் சீட்டையும், நேரில் கையளித்தால் பெற்றுக்கொண்டதாகத் திகதி முத்திரை இடப்பட்ட பிரதியையும் பத்திரப்படுத்த வேண்டும். முத்திரை இட மறுக்கும் அலுவலர் எதிர்ப்பட்டால் வாதிட்டு நேரத்தை வீணாக்காமல் அன்றே தபாலகத்துக்குச் செல்வது மேல். இவை அனைத்துக்கும் அடிப்படை பற்றுச்சீட்டே. தெரிந்த முகம், சொந்தக்காரர், ஒரே மஹல்லா என்ற காரணங்களுக்காகச் சீட்டில்லாமல் பணம் கொடுக்கும் பழக்கம் இப்பகுதியில் ஆழமாக வேரூன்றியுள்ளது; குறைந்தது கட்டணம் செலுத்தியதை உறுதிப்படுத்தும் ஒரு வட்ஸ்அப் செய்தியையாவது உரிமையாளரிடமிருந்து பெற்று வைக்க வேண்டும்.

காயம் ஏற்பட்டால் வழி வேறு. ஆபத்தான நிலையில் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழைக்க வேண்டும், அது கட்டணமற்றது. தாக்குதலால் ஏற்பட்ட காயமாயின் தனியார் மருந்தகத்தில் தையல் போட்டுக்கொண்டு வீடு திரும்புவது வழக்கையே இழக்கச் செய்யக்கூடிய தவறாகும். அரச வைத்தியசாலையில் அனுமதி பெற்று, காயம் எவ்வாறு ஏற்பட்டது என்பதை உள்ளபடி வைத்தியரிடம் கூற வேண்டும். "விழுந்துவிட்டேன்" என்று மறைத்துச் சொன்ன வாசகம் படுக்கைச் சீட்டில் பதிவாகிவிட்டால், அதைப் பின்னர் மாற்றி நிறுவுவது மிகக் கடினம். பொலிஸார் வழங்கும் மருத்துவ சட்டப் பரிசோதனைப் படிவம், அதாவது காயங்களின் தன்மையை நீதிமன்றத்துக்கெனப் பதிவுசெய்யும் படிவம், வைத்திய அதிகாரியால் நிரப்பப்படும்வரை வைத்தியசாலையை விட்டு வெளியேறக் கூடாது. பொலிஸில் வாய்மொழியாகக் கூறும் முறைப்பாடு எழுதப்பட்டு, வாசித்துக் காட்டப்பட்ட பின்னரே கையொப்பமிடப்பட வேண்டும் என்பது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் ஏற்பாடாகும். விளங்காத மொழியில் எழுதப்பட்டதற்குக் கையொப்பமிட்டுவிட்டுத் திரும்புவதை இனியேனும் நிறுத்த வேண்டும். தமிழில் பதிவுசெய்யுமாறு கோருவது சலுகை கேட்பதன்று, அரசியலமைப்பு தந்த உரிமையாகும்.

பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை ஊடாகச் சமாதானமாகப் போவது இந்நகரங்களின் நல்ல மரபு. அதற்கு எவரும் குறுக்கே நிற்க வேண்டியதில்லை. ஆனால் சமாதானப் பேச்சு நடக்கும் என்பதற்காக வைத்தியசாலைப் பதிவையும் பொலிஸ் பதிவையும் தள்ளிப்போடக் கூடாது. பேச்சு முறிந்த பின் காயம் ஆறியிருக்கும், பதிவு இருக்காது.

சிறு காயம், சொத்துச் சேதம், சிறு தொகை நட்டஈடு ஆகியவை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மத்தியஸ்த சபைக்குச் செல்லக்கூடியவை. அப்பகுதி மத்தியஸ்த சபையின் தவிசாளருக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அவர் யார், அமர்வு எங்கே என்பதைப் பிரதேச செயலகத்தில் அறியலாம். சட்டத்தரணி தேவையில்லை, அனுமதிக்கப்படுவதுமில்லை. இணக்கம் ஏற்படாவிடின் இணக்கமின்மைச் சான்றிதழைக் கேட்டுப் பெற வேண்டும், ஏனெனில் சட்டம் குறித்த பெறுமதிக்குட்பட்ட பிணக்குகளை அச்சான்றிதழ் இன்றி நீதிமன்றம் ஏற்காது. கவனயீனத்தால் ஏற்பட்ட காயத்துக்கு நட்டஈடு கோரும் வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். பாவனையாளர் முறைப்பாட்டுக்கு மூன்று மாதம், காயத்துக்கான வழக்குக்கு இரண்டு ஆண்டு: இவ்விரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டு காலத்தைத் தவறவிடுவோர் உள்ளனர்.

கூடத்தின் பொதுவான பாதுகாப்பு, சுகாதாரம் பற்றிய குறைகளை உள்ளூராட்சி மன்றத்துக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் எழுத வேண்டும். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் மாநகர ஆணையாளருக்கும், நிந்தவூர், அட்டாளைச்சேனை போன்ற இடங்களில் பிரதேச சபைச் செயலாளருக்கும் முகவரியிடலாம். அரசு வழங்கிய கருவிகள் ஒரு விளையாட்டுக் கழகத்தின் பூட்டிய அறைக்குள் ஒருசிலரின் சொந்த உடைமையாக மாறியிருந்தால், பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரிடம் பொருட்பதிவேட்டைக் கேட்க வேண்டும். கடிதத்துக்குப் பதில் வராமை இங்கு புதிதன்று. அவ்வேளையில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, அந்நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம், இக்கூடம் எந்த அனுமதியின் கீழ் இயங்குகிறது, கடைசியாகப் பரிசோதிக்கப்பட்ட திகதி எது, முறைப்பாட்டின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன என்ற மூன்று வினாக்களையும் எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டமைக்கான சான்றை வாங்க வேண்டும். வழங்குவதா மறுப்பதா என்ற தீர்மானத்தைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தாலோ மௌனம் சாதித்தாலோ, அடுத்த 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்து, அங்கும் தீர்வு கிட்டாதவிடத்துத் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு இரண்டு மாதங்களுக்குள் எழுத வேண்டும்.