ராணி கவுனில் மின்னும் லேஸ்: இடையன்குடிக்கு வந்தது எப்படி?

ஓடிடியில் ஏதாவது ஒரு வரலாற்றுப் படத்தைப் போட்டால் ராணி வருவார். கழுத்தைச் சுற்றித் தட்டு மாதிரி விரிந்த வெள்ளைக் காலர், இறுக்கிப் பிடித்த மேலுடை, குடை போல விரிந்த பாவாடை. இதுதான் 16-ம் நூற்றாண்டு ஐரோப்பாவின் ‘மறுமலர்ச்சிக் கால’ கவுன். சேகர் கபூர் இயக்கிய ‘எலிசபெத்: தி கோல்டன் ஏஜ்’ (2007) படத்தில் இப்படிப்பட்ட கவுன்களை வடிவமைத்த அலெக்சாண்ட்ரா பைர்ன் ஆஸ்கர் விருது வாங்கினார். தமிழில், 1963-ல் வந்த ‘ரத்தத் திலகம்’ படத்தில் சிவாஜி ஒத்தெல்லோவாகவும் சாவித்திரி டெஸ்டிமோனாவாகவும் மேடையேறியது நினைவிருக்கலாம். அந்தக் கதையும் இதே காலத்து வெனிஸில் தொடங்குவதுதான்.

கவுனுக்குள் என்ன இருக்கு?

பார்க்க ஒரே உடை போலத் தெரியும். உண்மையில் பல துண்டுகள். பாவாடை விரிந்து நிற்க உள்ளே வளையம் வைத்த உள்பாவாடை. மேலுடை விறைப்பாக நிற்கத் திமிங்கில எலும்பு அல்லது நாணல். கைப்பகுதியைத் தனியாகத் தைத்து, நாடாவால் கட்டிக்கொள்வார்கள். கழுத்துக் காலர் நிமிர்ந்து நிற்பதன் ரகசியம் ரொம்பச் சாதாரணம்: கஞ்சி! நம்ம வீட்டில் வேட்டிக்குப் போடுகிற அதே சமாச்சாரம்தான்.

லேஸ் ஏன் அவ்வளவு ஒசத்தி?

காலர் ஓரத்து லேஸ், இத்தாலியிலும் ஃபிளாண்டர்ஸிலும் வளர்ந்த கைவேலை. தலையணை மேல் வடிவம் வரைந்த அட்டையை வைத்து, ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்ன மரக் கட்டைகளை ஜோடி ஜோடியாக மாற்றி மாற்றிப் பின்ன வேண்டும். ஒரு சாண் நீளத்துக்கே பல மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் லேஸ் அணிவது செல்வத்தின் அடையாளமாக இருந்தது.

நெல்லைக்கு எப்படி வந்தது?

நாகர்கோவில் வழியாக. 1820-களில் அங்கே மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா, நாகர்கோவிலில் பிறந்து தமிழைச் சரளமாகப் பேசியவர். 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து, தாமிரபரணிக்குத் தெற்கே, திசையன்விளை பக்கம் உள்ள தேரி மண் ஊரான இடையன்குடிக்கு வந்தார். கால்டுவெல்லை நாம் ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ எழுதியவராக அறிவோம். எலைசாவோ அந்த ஊர்ப் பெண்களுக்குப் படிப்போடு லேஸ் வேலையையும் கற்றுத்தந்தார். பனையை நம்பிப் பிழைத்த குடும்பங்களில் பெண் கையில் தனியாகக் கூலி வந்தது.

இதில் என்ன முரண்?

நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே நாடார் பெண்கள் மேலாடை அணியத் தடை. ஐரோப்பியச் சீமாட்டிகள் உடுத்தும் லேஸைப் பின்னிய ஊரிலேயே, தன் தோளை மூட ஒரு பெண் போராட வேண்டியிருந்தது. அதுதான் தோள்சீலைப் போராட்டம். 1859-ல்தான் மன்னர் அனுமதி தந்தார். அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. யார் எதை உடுத்தலாம் என்பது அழகு சார்ந்த விஷயம் மட்டுமல்ல, அதிகாரம் சார்ந்ததும்கூட.

இப்போ படங்களில் வருவது?

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லேஸ் பின்ன இயந்திரம் வந்துவிட்டது. இன்று கடையில் மீட்டர் கணக்கில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். தூரத்தில் நிற்கும் துணை நடிகர்களுக்கு அது போதும். குளோஸ்-அப்பில் மட்டும் கைவேலையின் நுணுக்கம் தனியாகத் தெரியும்.

அடுத்த முறை அப்படியொரு படம் பார்க்கும்போது ராணியின் கழுத்து ஓரத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. அந்த வேலையில் நம்ம தெற்கத்திப் பெண்களுக்கும் பங்குண்டு.