ஆன்டெனாவின் மறுபாதி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நெடுஞ்சாலைகளில் லாரி ஓட்டும் சாரதிகள், முன்னே விபத்து ஏதும் நேர்ந்திருக்கிறதா, எந்தப் பாலத்தின்மீது பனி உறைந்திருக்கிறது என்றெல்லாம் ஒருவரையொருவர் கேட்டறிவதற்கு நெடுங்காலமாகக் கையாண்டுவரும் சாதனம் சி.பி. ரேடியோ. 27 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டிய அலைகளை 1958-இல் அந்நாட்டு அரசாங்கம் சாமான்ய ஜனங்களின் உபயோகத்துக்கென்று ஒதுக்கித் தந்தது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி நேர்ந்தபோது, எரிபொருள் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க லாரிக்காரர்கள் இதையே நாடியதால் அதன் புகழ் நாடெங்கும் பரவிற்று. 1977 முதல் அதன் 23 சேனல்கள் 40 ஆயின. லாரிகளோடு நிற்காமல், குழாய் வேலை, மின்சார வேலை செய்வோரின் வேன்களிலும், குடும்பத்தோடு யாத்திரை போவோரின் வேன்களிலும் அது இடம் பெற்றது.

சாதாரண ஏ.எம். முறையில் இந்த ரேடியோ வெளியிடுவதற்குச் சட்டம் அனுமதிக்கும் சக்தி 4 வாட் மட்டுமே. விலை எவ்வளவு கொடுத்து வாங்கினாலும் இந்த வரம்பு ஒன்றுதான் என்பதால், அந்த அற்ப சக்தி அரை மைலில் தேய்ந்துவிடுமா, பல மைல் தாண்டிச் சென்று கேட்குமா என்பதைப் பெரிதும் நிர்ணயிப்பது ஆன்டெனாவே. ஆன்டெனா என்றதும் நம் கண்ணுக்குத் தெரிவது ஒரு கம்பி. ஆனால் அது பாதிதான். கம்பிக்குள் மேலும் கீழுமாக ஊசலாடும் மின்னோட்டத்துக்கு ஈடுகொடுக்கும் மறுபாதி, கம்பியின் அடியில் விரிந்து கிடக்கும் வேனின் உலோக உடம்பு. இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டவனுக்கு, எந்த ஆன்டெனாவை வாங்குவது என்பதைக் காட்டிலும் அதை எங்கே நிறுத்துவது என்பதே பெரிய கேள்வியாகத் தோன்றும். என் அபிப்பிராயமும் அதுவே.

27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். அதில் கால் பங்கு நீளமுள்ள கம்பி தானாகவே அந்த அலைக்கு இசைந்து அதிர்வதால், 102 அங்குல எஃகுக் கம்பியும் அதனடியில் ஒரு சுருள்வில்லும் சேர்ந்த ஆன்டெனாவைப் பழையவர்கள் எல்லாவற்றிலும் உத்தமமானது என்பார்கள். அது மெய்தான், ஆனால் 9 அடி உயரமுள்ள வேனின் கூரைமேல் எட்டரை அடிக் கம்பியை நிறுத்தினால் மொத்த உயரம் 17 அடிக்கு மேலாகிவிடும், அந்நாட்டு மாகாணங்கள் பலவற்றில் லாரிகளுக்கே விதித்துள்ள வரம்போ 13 அடி 6 அங்குலம். ஆகவே, குட்டையான கம்பியில் ஒரு கம்பிச்சுருளைச் சேர்த்து, மின்சாரத்தின் கணக்கில் அதை நீளமாக்கும் யுக்தியைக் கைக்கொள்ள வேண்டியிருக்கிறது. சுருள் அடியில் இருப்பதைவிட நடுவிலோ உச்சியிலோ இருந்தால், கம்பியின் கீழ்ப்பகுதி முழுவதும் மிகுந்த மின்னோட்டம் பாய்ந்து அலை நன்கு வெளிப்படும். இரண்டடிக் குட்டைக் கம்பிகள் பார்வைக்கு அழகாயிருப்பினும், சக்தியில் பெரும்பகுதி சுருளிலேயே வெப்பமாக வீணாகும். கூரைக்கு நாலடி தாங்குமென்றால் நாலடிக்கே போகலாம்.

எஃகுக் கூரையின் மத்திய ஸ்தானமே சிறந்தது. அங்கே நின்றால் அலை எல்லாத் திசைகளிலும் ஏறக்குறைய சமமாகப் பரவும். பின்புற இடது மூலையில் பொருத்தினால், உலோகப் பரப்பு மிகுதியாக உள்ள முன்புற வலது திசையில்தான் ஒலி ஓங்கிச் செல்லும். துளையிடத் தயங்குவோர் காந்த அடியுள்ள ஆன்டெனாவைக் கூரைமேல் வைக்கலாம். நடுவில் வண்ணப்பூச்சு இருந்தாலும், அகன்ற அடித்தட்டும் கூரையும் ஒரு மின்தேக்கியாக அமைந்து மின்னோட்டத்துக்கு வழிவிடுகின்றன. ஆயினும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் வேனாயின், துணிந்து ஒரு துளையிட்டு, அடியில் வண்ணத்தைச் சுரண்டி வெற்று உலோகத்தோடு இறுக்கி, மழைநீர் புகாமல் ரப்பர் வளையம் வைத்து அடைப்பதே மேல் என்பேன். கண்ணாடி இழையாலான கூரையுள்ள வேன்களில் மறுபாதி இல்லவே இல்லை. அவற்றுக்கு உலோகத் தளம் வேண்டாத தனி வகை ஆன்டெனாவையே வாங்க வேண்டும்.

பொருத்தியபின் அளந்து பாராமல் பேசத் தொடங்குவது ரேடியோவுக்கே ஆபத்து. ஆன்டெனா ஏற்றுக்கொள்ளாமல் திருப்பியனுப்பும் சக்தியை நிலையலை விகிதமாகக் காட்டும் கருவியை ரேடியோவுக்கும் கேபிளுக்கும் இடையே மாட்டி, கட்டிடங்கள் இல்லாத வெட்டவெளியில் கதவுகளை மூடிக்கொண்டு, 1-ஆம் சேனலிலும் 40-ஆம் சேனலிலும் அளக்க வேண்டும். விகிதம் 1.5 ஆனால் திரும்புவது நூற்றுக்கு 4 பங்கே. 3 ஆனால் கால் பங்கு திரும்பிவிடும். 40-இல் அதிகமாகக் காட்டினால் கம்பி நீளம், 1-இல் அதிகமானால் குட்டை என்று கொண்டு, நுனியைச் சிறிது சிறிதாகவே திருத்த வேண்டும். வெட்டிய கம்பி மீண்டும் வளராது. எல்லாச் சேனல்களிலும் 3-க்கு மேல் நின்றால் குற்றம் நீளத்தில் இல்லை: அடியில் உலோகத் தொடர்பு விட்டிருக்கும், அல்லது கேபிளுக்குள் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்கும்வரை பேசும் பொத்தானை அழுத்தலாகாது. திரும்பிவரும் சக்தி டிரான்சிஸ்டரை எரித்துவிடக்கூடும்.

தொழிலாளர் வேன்களில் கூரைமேல் அலுமினிய ஏணி ஏற்றுவது வழக்கம். ஆன்டெனாவுக்கு அருகே கிடக்கும் அந்த ஏணியும் உலோகமே ஆகையால், வெறுங்கூரையோடு சரிபார்த்த விகிதம் ஏணி ஏறியதும் மாறிவிடும். எனவே ஏணியைக் கட்டி ஒருமுறை, இறக்கி ஒருமுறை அளந்து, வேன் எந்த நிலையில் மிகுதியாக ஓடுகிறதோ அந்த நிலைக்கே நுனியைத் திருத்திக்கொள்ள வேண்டும்.